‘ப்யூர் பெர்சியன்’ பூனைக்குட்டி வாங்கப் போகிறீர்களா? பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சென்னையில் வாட்ஸ்அப்பில் படம் பார்த்துப் பூனைக்குட்டிக்கு முன்பணம் அனுப்பத் தயாராக இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டுக்கு நடந்தது இன்னொரு வீட்டுக்கு நடக்கக்கூடாது.

என் தங்கை மகள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்ததால் ‘பெர்சியன்’ என்ற நீளமுடிப் பூனை இனம் என்று நம்பி ஒரு குட்டி வாங்கினோம். விற்றவர் புறநகரில் வீட்டிலேயே பூனை வளர்த்து விற்பவர். விலை 18,000 ரூபாய். அதில் 3,000 ரூபாய் ‘ப்ளூ ஐ’ என்பதற்காகத் தனியாக வாங்கியது. “அக்கா, இது செமி பஞ்ச், ட்ரிபிள் கோட். அப்பா அம்மா ரெண்டுமே இம்போர்ட் லைன். ரெண்டரை மாசக் குட்டி, ஊசி போட்டாச்சு, சர்டிஃபிகேட்டும் தர்றேன்” என்றார். தாய்ப் பூனையைக் காட்டச் சொன்னோம். பார்ட்னர் வீட்டில் இருக்கிறதாம். குட்டி பவுடர் வாசனையோடு, பஞ்சுப் பொதி மாதிரி உப்பிக்கொண்டு கையில் வந்தது.

வீட்டுக்கு வந்த சில நாட்களிலேயே காதோரம் முடி கொட்டத் தொடங்கியது. தங்கை மகளின் முன்கையில் வட்டமாகச் சிவந்து தடித்தது. கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரு ஊதா விளக்கைக் குட்டியின் மேல் பிடித்தார். காதின் ஓரமும் மூக்கின் மேல்பகுதியும் பச்சையாக ஒளிர்ந்தன. படர்தாமரை. பூனையிடமிருந்து மனிதர்களுக்கும் தொற்றும். அந்தப் பவுடர் எதற்குப் போட்டிருந்தார்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

அப்புறம் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். “இதுக்கு இன்னும் ஒன்றரை மாசம்கூட ஆகலம்மா. தாய்கிட்டேருந்து இவ்வளவு சீக்கிரம் பிரிச்சிருக்கவே கூடாது” என்றார். தடுப்பூசி அட்டையை நீட்டினோம். அதில் ஒட்டியிருந்தது நாய்க்குட்டிக்குப் போடும் தடுப்பூசியின் ஸ்டிக்கர். மருத்துவரின் பதிவு எண் இல்லை, கையெழுத்து என்று ஒரு கிறுக்கல் மட்டும். அந்தக் குட்டிக்கு ஊசியே போட்டிருக்க மாட்டார்கள் என்பதுதான் மருத்துவரின் கணிப்பு.

நீலக் கண் கதையும் அங்கேயே முடிந்தது. பூனைக்குட்டிகள் எல்லாமே நீலக் கண்ணோடுதான் பிறக்கின்றன. ஆறு, ஏழு வாரத்துக்கு மேல்தான் உண்மையான நிறம் வரத் தொடங்கும். எங்கள் குட்டியின் கண் இப்போது தேன் நிறத்தில் இருக்கிறது. இவ்வளவு சின்னக் குட்டியை விற்றால் எந்தக் குட்டியையும் ‘ப்ளூ ஐ’ என்று சொல்லி விற்கலாம்.

பூனைக்கு இனம் என்று சான்றிதழோடு பிரித்தது அண்மைக் கால வேலை. 1871-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஹாரிசன் வியர் நடத்திய கண்காட்சிக்குப் பிறகுதான் இந்த வழக்கம் சூடுபிடித்தது. இனப் பூனைகளைப் பதிவு செய்ய பிரிட்டனில் பொதுவான அமைப்பு உருவானது 1910-இல். அங்கேயும் அமெரிக்காவிலும்கூட வீடுகளில் வளரும் பூனைகளில் பெரும்பான்மை எந்த இனத்தையும் சேராத கலப்புப் பூனைகள்தான். நம் ஊரில் கேட்கவே வேண்டாம். தெருவில், மொட்டைமாடியில், மீன் கடை வாசலில் பார்ப்பவை எல்லாம் நாட்டுப் பூனைகள். ‘பெர்சியன்’ என்று விற்கப்படுபவற்றிலும் தாய் தகப்பன், பாட்டன் பாட்டி யார் என்று எழுத்தில் காட்டக்கூடியவை மிகக் கொஞ்சம்.

முடி நீளமாக இருந்தால் பெர்சியன் என்று நம்பிவிடுகிறோம், அதை வைத்துத்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. நீள முடி என்பது ஒடுங்கு பண்பு. தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் அந்த மரபணு வந்தால் போதும், குட்டிக்கு முடி நீளமாக வளரும். பார்வைக்குச் சாதாரணமாக, குட்டை முடியோடு இருக்கும் இரண்டு பூனைகளுக்குக்கூட நீளமுடிக் குட்டி பிறக்கலாம். டால் ஃபேஸ், செமி பஞ்ச், பஞ்ச் ஃபேஸ், ட்ரிபிள் கோட் எல்லாம் முகம் எவ்வளவு தட்டை, முடி எவ்வளவு அடர்த்தி என்று சொல்லி விலை ஏற்றுவதற்கு வியாபாரிகள் வைத்திருக்கும் சொற்கள். வம்சாவளிக்கு அவை அத்தாட்சி ஆகாது.

எங்களுக்குத் தந்த சர்டிஃபிகேட்டில் தங்க நிற முத்திரை இருந்தது, ‘100% ப்யூர்’ என்று இருந்தது. பெற்றோரின் பெயர் இல்லை, பதிவு எண் இல்லை, பதிவு செய்த சங்கத்தின் பெயரும் இல்லை. ஃபோனில் கேட்டபோது ‘கேசிஐ பேப்பர் அப்புறம் வரும்’ என்றார். கென்னல் கிளப் ஆஃப் இந்தியா நாய்களைப் பதிவு செய்யும் அமைப்பு. பூனைக்கு அங்கே பேப்பர் கிடையாது. இந்த வார்த்தையை யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

உண்மையிலேயே பெர்சியன்தான் வேண்டும் என்றால், தாயையும் குட்டிகளையும் ஒரே இடத்தில் நேரில் பாருங்கள். சங்கத்தின் பதிவு எண்ணை வாங்கி அந்தச் சங்கத்திடமே கேட்டுச் சரிபாருங்கள். பெற்றோருக்கு பிகேடி பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் பரம்பரை நோய் இது, பெர்சியன்களில் அதிகம். தாய் தகப்பனில் ஒன்றுக்கு இருந்தாலே குட்டிக்கு வரலாம். இந்தக் கேள்விக்கு முழிப்பவர் இனப் பூனை வளர்ப்பவரே இல்லை. இனமெல்லாம் முக்கியமில்லை, ஒரு பூனை வேண்டும், அவ்வளவுதான் என்றால் தெருவில் தாயில்லாமல் கத்திக்கொண்டிருக்கும் குட்டியை எடுத்து வளர்க்கலாமே.

விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டோம். “குட்டியைக் கொண்டு வாங்க, வேற மாத்தித் தர்றேன்” என்றார். புண்ணோடு இருக்கும் குட்டியைத் திரும்ப அங்கே விட எங்களுக்கு மனம் வரவில்லை. அது எங்கள் வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டது. மருந்து தொடர்ந்து கொடுத்து, மெத்தை, போர்வை எல்லாம் வெந்நீரில் துவைத்துத் துவைத்து, இப்போது நன்றாக இருக்கிறது. தங்கை மகளுக்கும் ஆறிவிட்டது. அந்த மனிதர் இன்னும் ஸ்டேட்டஸில் புதுக் குட்டிகளின் படம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம், அதனால்தான் இங்கே பெயர் போடவில்லை. சரிவரவில்லை என்றால் அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். நீங்களும் இப்படி ஏமாற்றப்பட்டிருந்தால் வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். யுபிஐ ரசீது, தடுப்பூசி அட்டை, மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டு எல்லாவற்றையும் படம் எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.