தீரன் அதிகாரம் ஒன்று: கைரேகை பிடித்தது, காதல் பிடிக்கவில்லை

2017இல் வந்த படம், நேற்று ராத்திரி மறுபடியும் பார்த்தேன். போலீஸை உள்ளபடி காட்டினால் த்ரில்லர் படுத்துவிடும் என்பார்கள், இதில் அப்படி ஆகவில்லை. கையில் கிடைத்த கைரேகையை வைத்துக்கொண்டு பழைய ரெக்கார்டுகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு அலைகிறார்கள், மேலதிகாரிகளோ ஒரு அரசியல்வாதி கொலையாகும்வரை அசைந்தே கொடுப்பதில்லை, அந்த எரிச்சலிலேயே பாதி விறுவிறுப்பு வந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் வீடு புகுந்து கொலை, கொள்ளை நடத்திய வடமாநில பவாரியா கும்பலின் நிஜ வழக்கிலிருந்து எடுத்த கதை என்பதால் நம்பவும் முடிகிறது. அப்புறம் இயக்குநர் வினோத் திடீரென்று கார்த்தியை ஓடும் பஸ்ஸில் பறந்து பறந்து அடிக்க விடுகிறார். சரி, ஹீரோ படம், விட்டுவிடலாம். நாயகி ரகுல் ப்ரீத் சிங் வரும் காதல் பாட்டுகளை மட்டும் ரிமோட்டை எடுத்து ஓட்டிவிட்டேன்.