வாசல் விளக்கு: சோலாரா, வயரிங்கா?

கேட் வீட்டிலிருந்து தள்ளியிருந்தால் ஆள் நடமாட்டம் கண்டு எரியும் சோலார் சென்சார் லைட் போதும். இரண்டு ஸ்க்ரூ, வேலை முடிந்தது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பேட்டரி நிரம்பாது, விடியும் முன்பே மங்கிவிடும். பேனலில் வேப்பமர நிழல் விழுந்தால் கோடையிலும் அதே கதிதான்.

பின்வாசலுக்கு வயரிங் செய்த, சென்சாருள்ள 20 வாட் எல்.இ.டி. ஃப்ளட் லைட்டே சரி. ஐபி65 தரம் (தூசியும் மழைநீரும் புகாதது), 1.5 சதுர மி.மீ. வயர், எர்த் கட்டாயம். வயர் கீழிருந்து நுழையட்டும்; மேலிருந்து இறங்கினால் மழைநீர் அதைப் பிடித்தே உள்ளே போய் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) ட்ரிப் ஆகும்.

எதுவானாலும் சென்சாரை 2 முதல் 2.5 மீட்டர் உயரத்தில், ஆள் அதற்குக் குறுக்கே நடக்கும்படி வையுங்கள். நேரெதிரே வருபவரை அது தாமதமாகத்தான் பிடிக்கும். தெருவைப் பார்த்து வைத்தாலோ, போகிற வருகிற நாய்க்கெல்லாம் எரியும்.