பிஃபோர் ஆக்‌ஷன்: நண்டுக் கணக்கில் மூன்று வருடம்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் மாமா நண்டு வாங்கி கம்பெனிக்கு ஏற்றுகிறார். எந்தப் படகு, எத்தனை கிலோ, எவ்வளவு முன்பணம் என்று நோட்டில் கிடந்ததை, வெப் ஆப் எழுத உதவும் ரூபி ஆன் ரெயில்ஸில் எழுதிக் கொடுத்தேன். ரெயில்ஸில் உள்ள ஒரே ஒரு வசதிக்குத்தான், தலைப்பில் இருப்பதற்குத்தான், இந்த விமர்சனம்.

எடை பதிய, திருத்த, அழிக்க என்று கன்ட்ரோலர் கிளாஸில், அதாவது பிரவுசரிலிருந்து வரும் வேலைகளைக் கவனிக்கும் கோட் தொகுப்பில், ஏழெட்டு மெத்தட்; வேலைக்கு ஒன்று. 'வந்திருப்பது யார்' என்று பார்க்கும் அதே நாலு வரியை ஒவ்வொன்றின் தலையிலும் ஒட்ட வேண்டாம். மேலே பிஃபோர் ஆக்‌ஷன் என்று ஒரு வரி போதும், எந்த மெத்தடுக்கும் முன்னால் அது ஓடிவிடும். விசைப்படகு டோக்கன் வாங்கிவிட்டுக் கடலுக்குப் போகிற மாதிரி. தாய்க் கிளாஸில் எழுதினால் பிள்ளைக் கிளாஸ்களுக்கும் சேரும்.

பழைய வீடியோ பார்த்துப் படிப்பவர்கள் பிஃபோர் ஃபில்டர் என்று எழுதி முழிப்பார்கள். 2013-இல் ரெயில்ஸ் 4-இல் பெயர் மாறியது, 5.1-இல் பழைய பெயரையே எடுத்துவிட்டார்கள். இன்னொன்று, முன்னால் ஓடும் அந்தச் சோதனை ஃபால்ஸ் ('இல்லை') என்று திருப்பினால் மெத்தட் நிற்காது. ரெண்டர் (ஒரு பக்கத்தைக் காட்டுவது) அல்லது ரீடைரக்ட் (வேறு பக்கத்துக்கு அனுப்புவது) செய்தால்தான் நிற்கும்.

நான் அடிபட்டது வேறு இடத்தில். திருத்த, அழிக்க மாமாவுக்கு மட்டுமே உரிமை என்று 'ஒன்லி' (இவற்றுக்கு மட்டும் சோதனை) போட்டு மெத்தட் பெயர்களை எழுதினேன். அழிக்கும் மெத்தடின் பெயரான டெஸ்ட்ராயில் (destroy) ஆரும் ஓவும் இடம் மாறிவிட்டன. அப்போது என்னிடம் இருந்த ரெயில்ஸ் 7.0 வாயே திறக்கவில்லை. திருத்தப் போனால் தடுக்கிறது, அதனால் எல்லாம் சரி என்றிருந்தேன். எடை போடும் தம்பி தெரியாமல் ஒரு வரியை அழித்த பிறகுதான் மாமா போன் செய்தார்: "ஏன் மாப்ள, செவ்வாக்கிழமை நண்டு பதினெட்டு கிலோ எங்க போச்சு?"

'எக்ஸெப்ட்' (இவை தவிர எல்லாவற்றுக்கும் சோதனை) என்று விலக்கு கொடுத்து எழுதியிருந்தால் இதே எழுத்துப்பிழை யாரையாவது வீணாகத் தடுத்திருக்கும், அன்றைக்கே தெரிந்திருக்கும். 'ஒன்லி'யில் தப்பினால் கதவு சத்தமில்லாமல் திறந்து கிடக்கும். ஒரு மார்க்கை அதற்காகவே குறைக்கிறேன்: ஐந்துக்கு நாலு. 7.1-இல் இதைக் கவனித்துவிட்டார்கள். புது ப்ராஜெக்ட் என்றால், நாம் எழுதிப் பார்க்கும் டெவலப்மென்ட் கட்டத்திலேயே, இல்லாத மெத்தட் பெயருக்குக் கத்துகிறது. பழைய ப்ராஜெக்டில் நாமாகத்தான் அமைப்பை இயக்க வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு நண்டு வராது. அந்த ஓய்வில் உட்கார்ந்து எல்லா 'ஒன்லி'யையும் 'எக்ஸெப்ட்' ஆக்கினேன். மாமா திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"ஒண்ணும் மாறலயே. ரெண்டு மாசமா என்னத்த மாப்ள பண்ணுன?"