கடவுளின் பண்புகள் ஒன்றோடொன்று பொருந்துமா? ஸ்டான்ஃபோர்ட் தத்துவக் கலைக்களஞ்சியத்தை எந்த வரிசையில் வாசிப்பது

எல்லாம் வல்லவர், எல்லாம் அறிந்தவர், முழு நல்லவர், காலம் கடந்தவர், மாறாதவர், பகுதிகள் அற்றவர். இத்தனையும் ஒருவரிடமே சேர்ந்திருக்க முடியுமா? இந்தக் கேள்வியைத் தர்க்க முறையில் படிக்க விரும்புகிறவர்களுக்கு, இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றுள் ஸ்டான்ஃபோர்ட் தத்துவக் கலைக்களஞ்சியத்தைத்தான் முதலில் சொல்வேன். எட்வர்ட் ஸால்டா 1995-இல் தொடங்கியது. ஒவ்வொரு கட்டுரையையும் அந்தத் துறை ஆய்வாளர் எழுதுகிறார். துறை வல்லுநர்கள் சரிபார்த்த பிறகே வெளிவருகிறது. ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, நடையும் கடினம். அதைவிடப் பெரிய சிக்கல், பண்புக்கு ஒரு கட்டுரை என்று பிரித்து வைத்திருப்பது. ஒரு கட்டுரையை மட்டும் படித்தால் விடை கிடைத்துவிட்டது போலத் தோன்றும். அந்த விடைக்கான விலை வேறொரு கட்டுரையில் இருக்கும்.

பலரும் முதலில் திறப்பது சர்வவல்லமை பற்றிய கட்டுரை. ஹாஃப்மனும் ரோசன்கிரான்ட்ஸும் எழுதியது. ‘தன்னாலேயே தூக்க முடியாத கல்லைக் கடவுளால் படைக்க முடியுமா?’ என்ற புதிருக்காகவே அதைத் தேடி வருவார்கள். அந்தப் பகுதி நன்றாக இருக்கிறது. கடவுளுக்கு வல்லமை இன்றியமையாத பண்பு என்றால், ‘அவர் தூக்க முடியாத கல்’ என்பதே முரண். முரணைச் செய்ய முடியாதது குறையல்ல. வல்லமை இழக்கக்கூடிய பண்பு என்றால், கல்லைப் படைக்கலாம், படைத்தபின் வல்லமையை இழக்கலாம். இரண்டு வழியிலும் புதிர் அவிழ்கிறது. கூடவே 1963-இல் மாவ்ரோட்ஸ் சொன்ன பதிலையும், 1967-இல் சாவேஜ் அதைத் திருத்தியதையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. வல்லமை என்ற கருத்தே முரண் என்று வாதிடுபவரிடம், ‘வல்லவர் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டால் அந்தக் கல் முரணாகிறது’ என்று மாவ்ரோட்ஸ் பாணியில் பதில் சொல்வது, நிறுவ வேண்டியதையே எடுத்துக்கொள்வதாகிவிடும். இதுதான் சாவேஜின் ஆட்சேபம், சரியான ஆட்சேபம்.

இந்தக் கட்டுரையின் குறை, ஆசிரியர்கள் தங்களுடைய சொந்த வரையறைக்கே நிறைய இடம் கொடுத்திருப்பது. திரும்பத் திரும்ப நிகழக்கூடிய நிலைமைகள், ஒரே ஒருமுறை நிகழக்கூடியவை என்று அவர்கள் வகை பிரித்துக்கொண்டு போகும் பகுதியை முதல் வாசிப்பில் தாண்டிவிடலாம். அங்கே சிக்கிக்கொண்டால் மற்ற கட்டுரைகளுக்குப் போகவே மனம் வராது.

இந்தத் தொகுப்பில் மிகச் சிறந்தது முன்னறிவும் சுதந்திர விருப்பமும் பற்றிய கட்டுரை. வேறு எதற்கும் நேரமில்லை என்றாலும் இதை விடாதீர்கள். டேவிட் ஹன்ட்டும் லிண்டா ஸாக்ஸெப்ஸ்கியும் இங்கே, கடவுளின் முன்னறிவும் நம் சுதந்திரமும் ஒத்துப்போகாது என்ற வாதத்தைப் பத்து வரிகளாக எண்ணிட்டுத் தருகிறார்கள். எடுத்துக்காட்டு எளியது: நாளைக் காலை 9 மணிக்கு நீங்கள் தொலைபேசியை எடுப்பீர்கள். கடவுள் நேற்றே அதைப் பிழையில்லாமல் நம்பினார் என்பது முதல் வரி. கடந்துபோனதை இனி மாற்ற இயலாது என்பது இரண்டாவது. ஆகவே அந்த நம்பிக்கையையும் மாற்ற இயலாது என்பது மூன்றாவது. அவர் நம்பினால் அது உண்மையாகவே இருந்தாக வேண்டும் என்பது நான்காவது. மாற்ற இயலாத ஒன்றிலிருந்து கட்டாயமாகப் பின்தொடர்வதும் மாற்ற இயலாதது என்பது ஐந்தாவது. இப்படியே போய், வேறுவிதமாகச் செய்ய முடியாதபோது அந்தச் செயல் சுதந்திரமானதல்ல என்ற ஒன்பதாவது வரியைத் தொட்டு, நீங்கள் தொலைபேசியை எடுப்பது சுதந்திரமான செயல் அல்ல என்று பத்தாவதில் முடிகிறது.

‘கடவுளுக்குத் தெரியும், ஆகவே நடந்தே தீரும்’ என்று நான்காவது வரியிலிருந்து நேரே முடிவுக்குத் தாவுவது வழக்கமான பிழை. ‘அறிந்தால் நடக்கும்’ என்ற தொடர்புதான் அங்கே கட்டாயம். நடப்பது கட்டாயம் என்று அந்த வரி சொல்லவில்லை. வாதத்துக்கு வலு தருபவை இரண்டாவது வரியும் ஐந்தாவது வரியும். அவற்றை விட்டுவிட்டு வாதாடுபவரை எளிதாக மடக்கலாம், ஆனால் உண்மையான சிக்கல் அப்படியே கிடக்கும்.

பென்சிலை எடுத்து, ஒவ்வொரு தத்துவவாதியும் எந்த வரியை மறுக்கிறார் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பொயேதியஸ் மறுப்பது முதல் வரியை: கடவுள் காலத்துக்கு வெளியே இருப்பதால் ‘நேற்று நம்பினார்’ என்று சொல்லவே முடியாது. ஒக்காம் மறுப்பது இரண்டாவதை: நேற்றைய அந்த நம்பிக்கை பார்வைக்குத்தான் கடந்தகாலம், உண்மையில் நாளையைச் சார்ந்தது. வேறுவிதமாகச் செய்ய முடியாதவரும் தன் செயலுக்குப் பொறுப்பாக முடியுமா என்று ஃபிராங்ஃபர்ட் 1969-இல் எழுப்பிய கேள்வியைப் பின்பற்றுபவர்கள் ஒன்பதாவதை மறுக்கிறார்கள். எந்தச் சூழலில் யார் சுதந்திரமாக என்ன செய்வார் என்பதைக் கடவுள் அறிவார் என்னும் மொலினாவின் இடைநிலை அறிவுக் கொள்கை எந்த வரியை மறுக்கிறது என்று தேடிக் குழம்ப வேண்டாம். கடவுள் எப்படி அறிகிறார் என்பதற்கான விளக்கம் அது. வரியை மறுப்பதற்குத் தனியாக ஒரு காரணம் தேவை. மொலினாவின் பெயரைச் சொன்னாலே விடை வந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு இது நல்ல மருந்து.

பொயேதியஸின் வழி மனதுக்குப் பிடித்திருந்தால், அடுத்துக் காலாதீதம் பற்றிய கட்டுரைக்கும் மாறாமை பற்றிய கட்டுரைக்கும் போங்கள். கிரெட்ஸ்மன் 1966-இல் வைத்த வாதம் அங்கே காத்திருக்கிறது. எல்லாம் அறிந்தவருக்கு இப்போது மணி என்ன என்பதும் தெரிய வேண்டும். மணி மாறிக்கொண்டே இருப்பதால் அவருடைய அறிவும் மாற வேண்டும். அப்படியானால் அவர் மாறாதவர் அல்லர். மாறாதவர் என்றே வைத்தால், ‘இப்போது’ என்பது அவருக்குத் தெரியாது, அறிவில் ஓட்டை விழுகிறது. சுதந்திர விருப்பத்தைக் காப்பாற்றக் கொண்டுவந்த காலாதீதம் முற்றறிவை இடிக்கிறது. இதற்கும் பதில்கள் உண்டு. ‘இன்று’ என்று நாம் சொல்லும் அதே உண்மையைத் தேதியிட்ட வாக்கியமாகவும் அறியலாம் என்பது அவற்றுள் ஒன்று. அது போதுமா என்பதில் விவாதம் ஓயவில்லை. எனக்கு அது போதவில்லை.

பகுதிகள் அற்ற தன்மை பற்றிய வாலிசெல்லாவின் கட்டுரையைக் கடைசிக்கு வையுங்கள். கடவுளும் அவருடைய அறிவும் ஒன்றே, அறிவும் வல்லமையும் ஒன்றே என்ற அக்வினாஸ் மரபு அது. கடவுள் ஒரு பண்போடு ஒன்று என்றால் அவரே ஒரு பண்பாகிவிடுவார், ஆளாக இருக்க மாட்டார் என்று பிளான்டிங்கா 1980-இல் எழுப்பிய ஆட்சேபம் புகழ்பெற்றது. எனக்கு அதைவிடக் கூர்மையாகப் படுவது இன்னொன்று: கடவுளின் சாரம் கட்டாயமானது, உலகைப் படைக்கும் செயலும் அந்தச் சாரமே என்றால், உலகும் கட்டாயமாகிவிடும், படைக்காமல் இருக்கும் சுதந்திரம் அவருக்கு இருக்காது. மற்ற பண்புகளைத் தெரிந்துகொண்டு வந்தால்தான் இது உறைக்கும்.

பெரிய குறை ஒன்று உண்டு. பண்புகளைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் லத்தீன் கிறிஸ்தவ மரபையும் அதன் ஆங்கில வாரிசுகளையும் சுற்றியே நிற்கின்றன. கடவுள் பற்றிய கருத்துகளைப் பொதுவாகப் பேசும் கட்டுரையில் சங்கரரும் ராமானுஜரும் வருகிறார்கள். ஆனால் மாறாத நித்தியப் பொருள் காரியங்களை ஒன்றன்பின் ஒன்றாக எப்படி உண்டாக்கும் என்று பௌத்தத் தத்துவவாதி தர்மகீர்த்தி, ஈசுவரனை நிறுவ முயன்ற நியாய மரபினரைக் கேட்ட கேள்வி, மாறாமை விவாதத்தின் நடுவில் இருந்திருக்க வேண்டியது. திருக்குறளின் எண்குணத்தானுக்குப் பரிமேலழகர் சைவாகமப்படி எண்ணிக் காட்டும் எட்டில் முற்றும் உணர்தல், பேரருள், முடிவில் ஆற்றல் மூன்றும் உண்டு. முழு நல்ல, எல்லாம் வல்ல கடவுள் இருக்கத் தீமை எப்படி இருக்க முடியும் என்ற தீமைப் பிரச்சினையை 1955-இல் மாக்கி எழுப்பியபோது மோதவிட்ட பண்புகளுக்கு இவற்றுள் பேரருளும் முடிவில் ஆற்றலும் மிக நெருக்கமானவை. தமிழ் வாசகர் இந்த இணைப்புகளைத் தானே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இனி நடைமுறை. ஒவ்வொரு கட்டுரையின் தலைப்பிலும் முதல் வெளியீட்டுத் தேதியும் கடைசிப் பெருந்திருத்தத் தேதியும் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். மேற்கோள் காட்டுபவர்கள் நடப்புப் பக்கத்தைக் காட்டக் கூடாது, அது எப்போது வேண்டுமானாலும் மாறும். மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என ஆண்டுக்கு நான்கு முறை சேமிக்கப்படும் நிலைப் பதிப்புகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் முகவரியையே கொடுங்கள். அழகாக அச்சுக்கோத்த பி.டி.எஃப். வேண்டுமென்றால் ஆண்டுக் கட்டணம் செலுத்திக் கலைக்களஞ்சியத்தின் நண்பர்கள் சங்கத்தில் சேர வேண்டும். படிக்க மட்டும் என்றால் இலவசப் பக்கமே போதும்.