பாளையங்கோட்டையில் வாங்கிய களிம்பு

லண்டனில் எங்கள் பகுதிக் குழாய்த் தண்ணீர் சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறி வருவது. கெட்டிலைக் கழுவி வைத்த இரண்டு வாரத்தில் அடியில் மறுபடியும் வெள்ளைப் படிவு ஏறிவிடும். குளிர்காலம் முழுவதும் ஹீட்டர் ஓடுவதால் அறைக்காற்றும் காய்ந்து கிடக்கும். நவம்பர் பிறந்துவிட்டால் உச்சந்தலையும் காதுக்குப் பின்புறமும் அரிக்கத் தொடங்கும். கறுப்புச் சட்டை போடக் கூசும் அளவுக்குச் செதில் உதிரும். இந்த முறை பொங்கலுக்குப் பாளையங்கோட்டை வந்தபோது அந்த அரிப்பும் கூடவே வந்தது.

"எண்ணெய் காணாத தலை, அரிக்காம என்ன செய்யும்?" என்று அம்மா வந்த அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் மிளகும் சீரகமும் பொரித்த நல்லெண்ணெயை இளஞ்சூட்டில் உச்சியில் ஊற்றி, உள்ளங்கையால் தட்டித் தட்டித் தேய்த்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை ஆண்டுகள் ஆயின என்று எண்ணியபோது எனக்குக் கண் கலங்கியது. அன்று பகல் முழுவதும் நன்றாகத் தூங்கினேன். ஆனால் மறுநாளிலிருந்து அரிப்பு கூடியது. எண்ணெய் போதவில்லை என்று நாங்கள் இருவரும் நினைத்துக்கொண்டு, அதன் பிறகு தினமும் இரவில் தேங்காய் எண்ணெய் வைத்துப் படுத்தேன். ஒரு வாரத்தில் தலையணை உறையில் சிறு ரத்தப் பொட்டுகள் தெரிந்தன. தூக்கத்தில் என்னை அறியாமலே சொறிந்திருக்கிறேன்.

அதன் பிறகுதான் அருகிலிருந்த ஒரு மெடிக்கலுக்குப் போனேன். "அண்ணாச்சி, தலை தாங்க முடியாம அரிக்கு" என்றேன். அவர் என் தலையைப் பார்க்கவில்லை, வேறு எதுவும் கேட்கவும் இல்லை. பின்னால் திரும்பி, விரல் நீளத்தில் ஒரு களிம்புக் குழாயை எடுத்து வைத்து, "இதைப் போடுங்க அக்கா, ரெண்டே நாள்ல கேட்கும்" என்றார். முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. லண்டனில் இதே அரிப்புக்கு மருந்துக்கடைக்குப் போனால், எத்தனை நாளாக இருக்கிறது, வேறு என்ன பூசினீர்கள், வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா, கர்ப்பமா என்று வரிசையாகக் கேட்பார்கள். தோல் நிபுணரைப் பார்க்க வேண்டுமென்றால், 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பதே அங்கு அரசு வைத்திருக்கும் இலக்கு. இதையெல்லாம் நினைத்துப் பார்த்து, ஊர் என்றால் இதுதான் ஊர் என்று மனம் குளிர்ந்து வீட்டுக்கு வந்தேன்.

அவர் சொன்னபடியே இரண்டாம் நாளில் அரிப்பு அடங்கியது. பத்து நாள் பூசினேன். குழாய் காலியானது; நிறுத்திய மூன்றாம் நாளில் அரிப்பு முன்னைவிடக் கடுமையாகத் திரும்பியது. முடி தொடங்கும் நெற்றி ஓரம் முழுக்கச் சிவந்து, சின்னச் சின்னப் பருக்களாக எழுந்து எரிந்தது. அப்போதுதான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தக் குழாயைப் படித்தேன். குளோபிட்டசால் 0.05 சதவீதம், ஒரு பாக்டீரியாக் கொல்லி, ஒரு பூஞ்சைக் கொல்லி என மூன்றும் ஒன்றாகக் கலந்த களிம்பு அது. குளோபிட்டசால், தோலில் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகையைச் சேர்ந்தது. பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டும் என்ற எச்சரிக்கை, மடித்துப் பிதுக்கிய இடத்தில் பாதி மறைந்திருந்தது. இவ்வகைக் களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியை இறுக்கியும், கேட்டவுடன் கைக்கு வந்துவிடுகிறது.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று அண்ணன் சொன்னபோது எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி என்றால் சிறுவயதில் பார்த்த கூட்டமும் டெட்டால் வாடையும்தான் நினைவுக்கு வரும். கூட்டம் இன்றும் குறையவில்லை, காசில்லாத ஓ.பி. சீட்டை வாங்கிக்கொண்டு, தோல் நோய்ப் பிரிவின் வாசலில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் நின்றேன். உள்ளே இருந்த மருத்துவர் முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். என்னை ஜன்னலோரம் உட்காரவைத்து, பேனாவின் பின்முனையால் முடியை வகிடு வகிடாகப் பிரித்து, கைபேசி வெளிச்சத்தில் பார்த்தார். பேன் இருக்கிறதா என்று பார்த்தார். புருவத்தையும் மூக்கின் ஓரத்தையும் தொட்டுப் பார்த்து, அங்கேயும் செதில் இருப்பதைக் காட்டினார். பிறகு கேள்விகள் வந்தன: எத்தனை குளிர்காலமாக இருக்கிறது, என்ன எண்ணெய், எவ்வளவு நேரம் ஊறுகிறது, என்ன பூசினீர்கள். நான் காலிக் குழாயை நீட்டினேன். அதை வாங்கிப் படித்துவிட்டு, "இதை இனிமே தொடாதீங்க" என்றார். நான்கு ஆண்டுகளாக நான் லண்டனில் எதிர்பார்த்திருந்த கவனிப்பு அந்தச் சில நிமிடங்களில் கிடைத்தது.

எனக்கு இருப்பது செபோரிக் டெர்மடைட்டிஸ், அதாவது செதில் உதிரும் ஒருவகைத் தோல் அழற்சி. எல்லார் தோலிலும் குடியிருக்கும் மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை, தோலின் எண்ணெய்ப் பசையை உண்டு பெருகுகிறது. அது விட்டுவைக்கும் கொழுப்பு அமிலங்கள் சிலருடைய தோலை உறுத்துகின்றன. இரவெல்லாம் ஊறிய எண்ணெய் அதற்குத் தீனியாகியிருக்கிறது. ஸ்டீராய்டு அழற்சியை மட்டும் அமுக்கிவைக்கும். நாள்படப் பூசினால் தோல் மெலியும், விட்டவுடன் திரும்பத் தாக்கும். பூஞ்சையை அடக்கும் கீட்டோகொனசோல் 2 சதவீத ஷாம்புவை வாரம் இரண்டு முறை தலையில் தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டு அலசச் சொன்னார், நான்கு வாரம். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் கூடாது, நகத்தை ஒட்ட வெட்டுங்கள், அரித்தால் ஈரத்துணியைக் குளிரக் குளிர வைத்து அழுத்துங்கள் என்றும் சொன்னார். அடங்கும் வரை எண்ணெயே வேண்டாம் என்று அவர் சொன்னதை அம்மாவிடம் சொல்வதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது. அம்மா ஒன்றும் பேசாமல் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து அலமாரியில் வைத்தார்.

ஷாம்பு வாங்க அதே கடைக்குப் போனேன். ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினேன். அதைப் பிரித்துப் பார்க்காமலேயே புட்டியை எடுத்துத் தந்தார். அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணாச்சி என்றேன். கோபப்படவில்லை. "கேட்டா அடுத்த கடைக்குப் போயிருவாங்க அக்கா" என்றார். அது உண்மை என்று எனக்குத் தெரியும். அன்று அவர் நான்கு கேள்வி கேட்டிருந்தால் நானே போயிருப்பேன். இருந்தும் அந்தக் களிம்பைத் தந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. அதே களிம்பு ஒரு பிள்ளையின் முகத்துக்கும் இதே வேகத்தில் போகும்.

இரண்டாம் வாரத்தில் அரிப்பு விட்டது, நெற்றிப் பருக்கள் காய்ந்தன. இப்போது லண்டனில் நான்கு வாரமும் முடிந்து, வாரம் ஒரு முறை மட்டும் தேய்க்கிறேன். ஓ.பி. சீட்டைக் குளியலறைக் கண்ணாடிக்குப் பின்னால் செருகிவைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை போனில் அம்மா இன்னும் எண்ணெயைப் பற்றிக் கேட்கிறார்.