உறைவிடப் பள்ளிக்கு முன்கூட்டியே விண்ணப்பிப்பதா, வழக்கமான சுற்றுக்குப் பொறுப்பதா?

அமெரிக்காவில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையை ஒன்பதாம் வகுப்பிலிருந்து தனியார் உறைவிடப் பள்ளியில் சேர்க்க நினைக்கும் பெற்றோருக்கு இரண்டு வழிகள் உண்டு. சில பள்ளிகள் நடத்தும் முன்கூட்டிய சுற்றில், இடம் கிடைத்தால் கட்டாயம் சேர்வோம் என்று எழுதிக் கொடுத்து விண்ணப்பித்துவிட்டு, முடிவைச் சீக்கிரமே தெரிந்துகொள்ளலாம். அல்லது பெரும்பாலான பள்ளிகளின் வழக்கப்படி ஜனவரி நடுவிலோ பிப்ரவரித் தொடக்கத்திலோ விண்ணப்பத்தை முடித்து, மார்ச் 10 அன்று வரும் பதிலுக்காகக் காத்திருக்கலாம். எங்கள் மகளுக்காக நாங்கள் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தோம். பெரும்பாலான குடும்பங்களுக்கும் நான் அதையே பரிந்துரைப்பேன்.

முன்கூட்டிய சுற்றின் நன்மைகளை விளக்க அதிகம் தேவையில்லை. பல பள்ளிகளுக்குக் கட்டுரை எழுதும் வேலை மிச்சமாகும். குளிர்காலம் நிம்மதியாகக் கழியும். தன்னையே முதல் விருப்பமாகச் சொல்லும் பிள்ளையைப் பள்ளியும் விரும்பும். ஆனால் அந்த அவசரத்துக்குப் பிள்ளைதான் விலை கொடுக்க வேண்டியிருக்கும். கல்வியாண்டு தொடங்கிய சில வாரங்களுக்குள், பிள்ளையை அப்போதுதான் அறியத் தொடங்கியிருக்கும் ஆங்கில ஆசிரியரும் கணித ஆசிரியரும் பரிந்துரை எழுத வேண்டும். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிக்கும், தனியார் பள்ளிகளின் நுழைவுத் தேர்வான எஸ்எஸ்ஏடியை மறுபடி எழுதிப் பார்க்கவும் அவகாசம் குறைந்துவிடும்.

இவற்றையெல்லாம் சமாளித்துவிடலாம் என்றே வைத்துக்கொண்டாலும், மார்ச் 10-க்கும் ஏப்ரல் 10-க்கும் இடைப்பட்ட அந்த ஒரு மாதத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது. மார்ச் 10 வரை பள்ளி நம்மை எடைபோடுகிறது. இடம் கொடுத்த பிறகு, ஏப்ரல் 10-க்குள் சம்மதம் சொல்ல வேண்டிய நாம் பள்ளியை எடைபோடுகிறோம். இந்த வாய்ப்பு முன்கூட்டிய சுற்றில் சேருவோருக்குக் கிடைப்பதில்லை.

முதலில் பணத்தைப் பார்ப்போம். மகளுக்கு இடம் கொடுத்த இரண்டு பள்ளிகள் அனுப்பிய நிதியுதவிக் கடிதங்களில் ஒன்றில் உதவித்தொகை கணிசமாகக் கூடுதலாக இருந்ததால், அந்தப் பள்ளியே மலிவு என்று முதல் பார்வையில் தோன்றியது. புத்தகம், மடிக்கணினி, மருத்துவக் காப்பீடு, துணி துவைக்கும் கட்டணம், தனி வயலின் வகுப்பு, விடுமுறைகளில் விடுதி மூடப்படும்போது வீட்டுக்கு வந்துபோகும் செலவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தபோது நிலைமை தலைகீழானது. உதவி குறைவாகத் தெரிந்த பள்ளி இவற்றில் பலவற்றைக் கட்டணத்துக்குள்ளேயே அடக்கியிருந்தது. ஒரே ஒரு கடிதம் கையில் இருந்திருந்தால் இந்தக் கணக்கைப் போட எங்களுக்குத் தோன்றியே இருக்காது. சேர்க்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு, அதில் குறித்த தேதி கடந்துவிட்டால், பிள்ளை இடையில் விலகினாலும் ஆண்டுக் கட்டணம் முழுவதையும் செலுத்த வேண்டும் என்பதே பெரும்பாலான பள்ளிகளின் விதி. ஆகவே இந்தக் கணக்கைக் கையெழுத்துக்கு முன்பே போட்டாக வேண்டும். முன்கூட்டியே விண்ணப்பித்தால்தான் உதவி நிதி கிடைக்கும் என்ற பேச்சும் உண்டு. உதவிக்கான படிவத்தை வழக்கமான கெடுவுக்குள் முழுமையாக அனுப்புவதுதான் முக்கியம். அது தவறினால், மற்றவர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சியதில்தான் நம் முறை வரும்.

பணத்தைவிடவும் எங்கள் முடிவைத் தீர்மானித்தவை, இடம் கிடைத்த மாணவர்களுக்காக அந்த மாதத்தில் நடத்தப்படும் மறுவருகை நாள்கள். இலையுதிர்காலச் சுற்றிக்காட்டலில் நூலகத்தையும் ஆய்வகத்தையும் பெருமையோடு காட்டுவார்கள். மறுவருகையின்போதுதான் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்து, மாணவர்களோடு சாப்பிட்டு, பெரியவர்கள் அருகில் இல்லாமல் பேச முடியும். சனி, ஞாயிறுகளில் என்ன செய்வீர்கள் என்று என் மகள் இரண்டு பள்ளிகளிலும் கேட்டாள். ஓரிடத்தில் மாணவர்கள் ஆளுக்கொரு கதை சொல்லத் தொடங்கினார்கள்; மற்றதில், பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் வெள்ளி மாலையே பெட்டியோடு கிளம்பிவிடுவதால் விடுதியில் ஆளே இருக்காது என்று ஒரு மாணவி சொன்னாள். விடுதியில் தங்குவோர் எத்தனை பேர் என்பதைப் பள்ளிகள் வெளிப்படையாகவே சொல்கின்றன. வார இறுதியில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்பதை அங்கே வாழும் பிள்ளைகளிடம்தான் கேட்டறிய வேண்டும். பதினான்கு வயதில் வீட்டைவிட்டுப் போகும் குழந்தைக்கு இதைவிட முக்கியமான தகவல் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

வழக்கமான சுற்றைத் தேர்ந்தெடுப்பதால் எல்லாவற்றையும் தள்ளிப்போடலாம் என்று ஆகிவிடாது. நேர்காணலுக்கான நல்ல நாள்கள் விரைவில் நிரம்பிவிடுவதால் செப்டம்பரிலேயே பதிந்துவைப்பது நல்லது.

அண்ணனோ அக்காவோ அதே பள்ளியில் படித்து, அங்குள்ள வாழ்க்கையை வீடே அறிந்திருந்து, உதவித்தொகையும் தேவைப்படாத குடும்பத்துக்கு முன்கூட்டிய சுற்று முற்றிலும் பொருந்தும். விளையாட்டுப் பயிற்சியாளர்கள் தேடி அழைக்கும் பிள்ளைகளின் கணக்கு வேறாக இருக்கலாம். அதில் எனக்கு நேரடி அனுபவம் இல்லை. உதவித்தொகை தேவைப்பட்டும் முன்கூட்டிய சுற்றிலேயே போக விரும்புவோர், உதவி போதாவிட்டால் வாக்குறுதியிலிருந்து விடுவிப்பார்களா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே சேர்க்கை அலுவலகத்திடம் எழுத்து மூலம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.