திசைச் சொற்களின் வேரைத் தேட எட்டிமான்லைன் போதுமா?

ஐரோப்பிய மொழிகளில் நான்கு திசைகளுக்கும் வழங்கும் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று அறிய விரும்புபவர்கள் பெரும்பாலும் முதலில் சென்று சேரும் இடம், அமெரிக்காவைச் சேர்ந்த டக்ளஸ் ஹார்ப்பர் உருவாக்கிய எட்டிமான்லைன் என்னும் சொற்பிறப்பு அகராதிதான். இணையதளத்தில் இதைப் படிக்கக் கட்டணம் இல்லை. பதிவுகள் சிறியவை, பல அறிஞர்களின் கருத்துகளை எடைபோட்டு, சுருக்கமும் தெளிவும் உள்ள நடையில் எழுதப்பட்டவை. இது ஆங்கிலச் சொற்களுக்கான அகராதி என்பதையும், பிற மொழிகள் ஆங்கிலச் சொல்லின் உறவினர்களாக மட்டுமே இதற்குள் வந்து போகின்றன என்பதையும் தொடக்கத்திலேயே நினைவில் கொள்ள வேண்டும்.

'நார்த்' என்ற பதிவு இந்த அகராதியின் பலத்தை நன்றாகக் காட்டுகிறது. இடப்பக்கம், கீழ்ப்பக்கம் என்னும் பொருள்களைக் கொண்ட ஓர் இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து, அதாவது பெரும்பாலான ஐரோப்பிய மொழிகளுக்கும் சமஸ்கிருதத்துக்கும் பொதுவான மூதாதை மொழியின் வேரிலிருந்து, இச்சொல் வந்திருக்கலாம் என்றும், உதிக்கும் சூரியனை நோக்கி நிற்பவருக்கு வடக்கு இடக்கைப் பக்கம் அமைவதே அதற்குக் காரணம் என்றும் அது கூறுகிறது. பழைய ஐரிஷ் மொழியிலும், இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேராத அரபியிலும் இடப்பக்கத்தைக் குறிக்கும் சொல்லே வடக்கையும் குறிப்பது அங்கேயே சுட்டப்படுகிறது. 'இருக்கலாம்' என்ற சொல்லை ஹார்ப்பர் விடாமல் பயன்படுத்துவதை நான் குறையாகக் கருதவில்லை. 'சவுத்' என்பது சூரியன் இருக்கும் பக்கம் என்னும் பொருளில் தோன்றியிருக்கக்கூடும் என்பதையும் அவர் இதே தயக்கத்துடன்தான் சொல்கிறார். கேட்கச் சுவையாக இருக்கிறது என்பதற்காகவே சொல்விளக்கங்களை உறுதியான உண்மைகளாகப் பரப்பும் தளங்கள் மலிந்த காலத்தில் இந்த அடக்கம் மதிப்புக்குரியது.

ஆனால் நான்கு திசைச் சொற்களின் பதிவுகளை மட்டும் படித்துவிட்டு மூடிவிட்டால் பாதிச் செய்திதான் கிடைக்கும். மீதிப் பாதி எதிர்பாராத தலைப்புகளின் கீழ் கிடக்கிறது. 'ஈஸ்ட்' என்பதற்கு வேர் விடியலின் ஒளி. லத்தீனின் அரோரா, கிரேக்கத்தின் ஈயோஸ், சமஸ்கிருதத்தின் உஷஸ் ஆகியவை அதன் உடன்பிறப்புகள். இதே வேரிலிருந்து வந்ததாகக் கருதப்படும் லத்தீன் 'ஆஸ்தெர்' என்ற சொல் தென்காற்றையும் தெற்கையும் குறித்தது ஏன் என்ற புதிருக்கு, ஆஸ்திரேலியாவுக்குரிய பதிவைத் திறக்க வேண்டியிருக்கிறது. இத்தாலியத் தீபகற்பம் நேர் வடக்கு தெற்காக அமையாமல் சாய்ந்து கிடப்பதால், தென்கிழக்கு வழியாகப் பொருள் நகர்ந்திருக்கலாம் என்ற விளக்கம் அங்குதான் உள்ளது. கி.பி. 996-ஆம் ஆண்டின் ஆவணம் ஒன்றில் 'ஓஸ்தர்ரீகி' என்று காணப்படும் ஆஸ்திரியாவின் பெயர் கிழக்கு நாடு என்று பொருள்படுவது. ஆஸ்திரேலியாவின் பெயரோ தென்னிலம் என்பதிலிருந்து வந்தது. ஒரே வேர் இரு வேறு திசைகளைக் காட்டும் இந்த முரண் 'ஈஸ்ட்' பதிவை மட்டும் படிப்பவருக்கு முழுமையாகப் புலப்படாது.

'டெக்ஸ்டர்' என்ற சொல்லின் கதையும் இத்தகையதே. லத்தீனில் வலப்பக்கத்தைக் குறித்த இச்சொல்லின் பதிவில்தான், வலப்பக்கத்தையும் தெற்கையும் ஒருசேரக் குறித்த பழைய ஐரிஷ் 'தெஸ்', வெல்ஷ் 'தெஹெய்', தமிழில் தட்சிணம் என்று வழங்கும் சமஸ்கிருதச் சொல் ஆகிய மூன்றும் ஒன்றாக நிற்கின்றன. கிழக்கு நோக்கி நின்று திசைகளைப் பெயரிட்ட பழக்கத்திற்கு 'நார்த்' பதிவில் கிடைக்கும் சான்றைவிட இது வலுவானது. 'சவுத்' பதிவிலிருந்து இதற்கு வழிகாட்டும் ஒரு வரி இருந்திருந்தால் எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும்.

பிரெஞ்சு, ஸ்பானிஷ் முதலிய மொழிகள் லத்தீனின் பிள்ளைகளாக இருந்தும் திசைச் சொற்களை ஜெர்மானிய மொழிகளிடமிருந்து, குறிப்பாகப் பழைய ஆங்கிலத்திலிருந்து, கடன் வாங்கின என்ற செய்தியை அகராதி தெளிவாகத் தருகிறது. அந்தக் கடனால் பின்னுக்குத் தள்ளப்பட்ட லத்தீன் சொற்களைப் பற்றி அறிய 'செப்டென்ட்ரியனல்', 'மெரிடியன்' என்ற பதிவுகளுக்குப் போக வேண்டும். வடவானின் ஏழு விண்மீன்களை ரோமானியர் ஏழு உழவு மாடுகளாகக் கண்டு, அந்தப் பெயராலேயே வடக்கைக் குறித்தனர். நண்பகலைக் குறித்த 'மெரிதியேஸ்' தெற்கையும் குறித்தது. அதன் பழைய வடிவம் 'மெதிதியேஸ்' என்றும், பிரைனெஸ்தே நகரத்துச் சூரியக் கடிகாரம் ஒன்றில் அது பொறிக்கப்பட்டிருந்ததைத் தாமே கண்டதாகவும் ரோமானிய அறிஞர் வார்ரோ எழுதியிருக்கிறார்.

கிழக்கு ஐரோப்பாவுக்குச் சென்றால் எட்டிமான்லைனின் கை நீளவில்லை. ரஷ்ய மொழியில் வடக்கைக் குறிக்கும் 'சேவெர்' என்ற சொல்லின் இன உறவுகள், மழைத்தூறலைக் குறிக்கும் 'ஷவர்' என்ற ஆங்கிலச் சொல்லின் பதிவில் ஒளிந்திருக்கின்றன. அதைத் தேடி யாரும் அங்கே போகப்போவதில்லை. போலிஷ் மொழியில் நள்ளிரவே வடக்கு, நண்பகலே தெற்கு. ருமேனிய மொழியின் பழைய சொற்களும் அப்படியே. ஹங்கேரிய மொழியின் 'தேல்' நண்பகலையும் தெற்கையும் குறிக்கும். இவை ஆங்கிலத் திசைச் சொற்களுக்கு உறவினர் அல்லாத காரணத்தால் இவற்றைத் தேட இந்த அகராதி ஏற்ற இடமன்று.

ஆகவே இரண்டாவது கருவியாக, 2002-இல் தொடங்கப்பட்ட பன்மொழி இணைய அகராதியான விக்சனரியின் ஆங்கிலப் பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது இன்றியமையாதது. ஓர் ஆங்கிலத் திசைச் சொல்லுக்குரிய மொழிபெயர்ப்புப் பட்டியலிலிருந்து எந்த ஐரோப்பிய மொழியின் பதிவுக்கும் நேரடியாகச் செல்ல முடிகிறது. நான் மிகுதியாக நேரம் செலவிட்டது ஃபின்னிஷ், எஸ்டோனியப் பதிவுகளில்தான். ஃபின்னிஷ் மொழியில் வடக்குக்கான சொல் அடிப்பகுதியைக் குறிக்கும் 'போஹ்யா'விலிருந்தும், தெற்குக்கான 'எதெலா' முன்பக்கத்தைக் குறிக்கும் அடிச்சொல்லிலிருந்தும் வந்தவை. கிழக்கு, முளைவிடுதலைக் குறிக்கும் வினையோடு தொடர்புடையது. 'எதெலா'வின் எஸ்டோனிய இணையான 'எடெல்' தென்மேற்கைக் குறிக்கிறது. ஃபின்னிஷ் மொழியில் தென்மேற்கைக் குறிக்கும் 'லௌனஸ்' என்பதன் எஸ்டோனிய இணையோ நேர் தெற்கைக் குறிக்கிறது. ஃபின்லாந்து வளைகுடாவின் இரு கரைகளில் வாழும் நெருங்கிய உறவு மொழிகள் இரண்டு, ஒரே சொற்களைத் திசைமாற்றி வைத்துக்கொண்டிருக்கின்றன. இந்த இரண்டாவது சொல் இரு மொழிகளிலும் மதிய உணவுக்கும் பெயராக வழங்குவதைக் கண்டால், மதியச் சூரியனே இதன் பின்னால் இருப்பதும் விளங்கிவிடும்.

விக்சனரியின் தரம் பதிவுக்குப் பதிவு வேறுபடுகிறது. சில பதிவுகளில் தொல்வடிவங்கள், ஊகித்து மீட்டெடுத்தவை என்பதைக் காட்டும் உடுக்குறியுடன் (*) அடுக்கப்பட்டு, நூலாதாரங்களும் தரப்பட்டிருக்கின்றன. வேறு சிலவற்றில் வேர்விளக்கம் ஒற்றை வரியில் ஆதாரமின்றி நிற்கிறது, இன்னும் சிலவற்றில் அந்தப் பகுதியே இல்லை. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதால், ஆதாரமில்லாத வரியை எழுத்தில் எடுத்தாளுவதற்கு முன் அந்தந்த மொழியின் தரமான அகராதியுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நடையின் நயத்திலும், கருத்துகளை எடைபோடும் நிதானத்திலும் எட்டிமான்லைன் தெளிவாக முந்துகிறது. பரப்பில் விக்சனரிக்கு அது ஈடாகாது. ஆங்கிலமும் அதன் ஜெர்மானிய உறவுகளும் மட்டுமே ஒருவரின் தேவை என்றால் ஹார்ப்பரின் அகராதி போதும். ஆனால் அப்படிப்பட்ட வாசகர் 'டெக்ஸ்டர்', 'மெரிடியன்', 'ஆஸ்திரேலியா' ஆகிய பதிவுகளையும் சேர்த்தே திறக்க வேண்டும்.